வெள்ளிக்கிழமை வரைக்கும் பெட்ரோல்

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது புதன்கிழமைதான் ஆகியிருந்தது.

குழாய்க்காரர் இடது கையைத் தற்செயலாக நகர்த்துவதுபோல நகர்த்தி, அந்த முள் மேல் கொண்டுபோய் வைத்தார். பக்கத்து சீட்டில் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, பேச்சின் நடுவில் இருந்தாள்.

"அந்தப் புதுப் பொண்ணு லென்ஸை லைட்டுக்கு நேராப் பிடிச்சுப் பார்த்துட்டு, 'மேடம், இதுல பெரிய கீறல் இருக்கு'ங்கறா. நான் வாங்கிப் பார்த்தா ஒண்ணுமே இல்லை. கீறல் அவ போட்டிருக்கற கண்ணாடில!"

குழாய்க்காரர் குலுங்கிச் சிரித்தார். கை நழுவியது. சட்டென்று திரும்ப வைத்தார்.

"கையை எடுங்க."

"எந்தக் கையை?"

"முள்ளு மேல இருக்கற கையை."

எடுத்தார். லென்ஸில் தூசி இருந்தாலே கண்டுபிடித்துவிடுகிற கண் அவளுடையது. முள்ளைப் பார்த்தாள். பிறகு மடக்கிய காலைக் கீழே இறக்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கே" என்றாள்.

"பார்த்துக்கலாம்."

"எப்படிப் பார்ப்பீங்க?"

அதுதான் அவருக்கும் தெரியவில்லை. பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததிலிருந்து ஒரு காருக்கு வாரத்துக்கு இவ்வளவுதான் என்று திங்கட்கிழமை காலையில் அளந்து ஊற்றினார்கள். அதற்கு மேல் கெஞ்சினாலும் கிடையாது, அழுதாலும் கிடையாது. அவர்களுடைய பழைய நீலக் காருக்கு அந்த அளவு போதவில்லை.

அவர் குடிநீர் வாரியத்தில் குழாய்ப் பாதைகளுக்குப் படம் வரைகிறவர். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்று அவரைக் கேட்டால்தான் தெரியும் என்பதால் ஆபீஸில் வைத்த பெயர், தெருவரைக்கும் வந்துவிட்டது. அவர் மனைவிக்கு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற தொழிற்பேட்டையில், மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை. தினமும் காலையில் அவளைத் தொழிற்பேட்டையின் முன் கேட்டில் இறக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிற தன் ஆபீஸுக்கு அவர் போவார். மாலையில் அவருக்கு வேலை முடிய இருட்டிவிடும் என்பதால் அவள் பஸ்ஸில் வந்துவிடுவாள்.

இது அவள் அறிந்த கணக்கு. இதில் ஒரு சின்னத் திருத்தம் இருந்தது.

குழாய்க்காரரின் ஆபீஸ் அந்தப் பக்கம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை இருந்தது. பிறகு வரைபடப் பிரிவை மட்டும் பெயர்த்தெடுத்து, அவர் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிற பெரிய தண்ணீர்த் தொட்டியின் அடியில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் ஆபீஸில் கேட்கும். அவர் நடந்தே போகலாம். ஆனால் தினமும் ஊரைக் குறுக்கே கடந்து மனைவியை முன் கேட்டில் இறக்கிவிட்டு, அவள் கண்ணில் படாமல் தொழிற்பேட்டையைச் சுற்றிக்கொண்டு, பின் கேட் இருக்கிற சந்து வழியாகத் திரும்பி, வந்த தூரமெல்லாம் தனியாக வந்து, தொட்டிக்குப் பின்னால் காரை நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வேலைக்குப் போவார்.

மாற்றல் உத்தரவு வந்த அன்றைக்கே சொல்லிவிடத்தான் நினைத்தார். சொன்னால் என்ன பதில் வரும் என்றும் தெரியும். "அப்போ எதுக்குங்க வீணா? நான் பஸ்ல போயிக்கறேன்" என்பாள். நியாயமாகப் பேசுகிறவள். அந்த நியாயத்துக்குப் பயந்துதான் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டார். நாளை இரண்டு வருடம் ஆகிவிட்டது.

வீட்டில் அவள் எல்லோருக்கும் சொந்தம். அவருடைய அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். கல்லூரிக்குப் போகிற இரண்டு பிள்ளைகளுக்கும் கண்ணெதிரே இருக்கிற பொருளைத் தேடிக் கொடுக்க வேண்டும். கூடத்தில் டிவி அலறும். அவர் வேலையிலிருந்து வரும்போது அவள் சோபாவில் பாதித் தூக்கத்தில், "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்" என்பாள். அவ்வளவுதான். காலையில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அவளுக்குள்ளிருந்து வேறொருத்தி எழுந்து வருவாள். செருப்பைக் கழற்றுவாள். ஹேர்பின்னை எடுத்து முன்னால் இருக்கிற தட்டில் போடுவாள். சிரிப்பாள், பாதி தெரிந்த பாட்டை முணுமுணுப்பாள், யாரையாவது திட்டுவாள். கல்யாணமான புதிதில் அவர் பார்த்த அந்தப் பெண்ணுக்கு இப்போது முகவரி இந்தக் காரின் முன் சீட் மட்டும்தான்.

அங்கே போக அவருக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் பெட்ரோல் வேண்டும்.

அன்றிரவே தெரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனார். அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இன்ஜின் மேல் நீள ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் பிடியில் காதை வைத்துக் கேட்பதால் வந்த பெயர். கேட்டு முடித்து நிமிர்ந்தார்.

"நோயாளி நல்லாத்தான் இருக்கு சார். கூட வந்திருக்கறவர்தான் சரியில்லை."

"யாரு?"

"உங்க வலது கால். குடிக்கறது அதுதான். அமுக்க வேண்டியது, பிரேக் போட வேண்டியது, திரும்ப அமுக்க வேண்டியது. என்னத்துக்கு?"

"அப்போ என்ன செய்யணும்?"

"தூரத்துல சிவப்பு விளக்கு தெரிஞ்சா அங்கேர்ந்தே காலை எடுத்துடுங்க, வண்டி தானா உருண்டு போகும். நீளமான சிக்னல்னா இன்ஜினை அணைச்சுடுங்க. ஏர் ஃபில்டர் பூரா மண்ணா இருக்கு, நான் மாத்தறேன். டயர்ல காத்து கம்மி. மேல எதுக்கு அந்தக் கேரியர்? வருஷத்துல ஒரு நாள் பெட்டி ஏத்த, மிச்ச நாளெல்லாம் காத்தோட மல்லுக்கட்டணுமா? டிக்கில இருக்கற குப்பையையும் இறக்குங்க. ஆனா எல்லாம் அளவோட."

குழாய்க்காரர் ஒவ்வொன்றையும் மனதில் பதிய வைத்துக்கொண்டார். கடைசி வார்த்தையைத் தவிர.

மறுநாளே கார் வேறு காராகிவிட்டது. வேகம் எடுக்கும்போது, தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவர்போல மெதுவாகக் காலை வைத்தார். பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. பால் கேன் கட்டிய சைக்கிள் தாண்டிப் போனது. நாயை நடத்திக்கொண்டு போன ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். நாய் மட்டும் அவ்வப்போது நின்று, இவர்கள் வந்து சேரட்டும் என்று பார்த்தது.

"உனக்கு லேட்டாகுதா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இல்லை இல்லை. மெதுவாவே போங்க" என்றாள். மடக்கிய காலை இன்னும் வசதியாக மடக்கிக்கொண்டாள். "என்ன அவசரம் நமக்கு?"

அவள் சொன்ன 'நமக்கு' அவருக்குள் அன்று முழுவதும் உருண்டுகொண்டிருந்தது. பெட்ரோல் மிச்சமானது. பேச்சும் நீண்டது. கேட்டில் இறங்கியவள் வழக்கம்போல, "நான் உள்ள போறவரைக்கும் நிக்காதீங்க. இன்ஜின் சும்மா ஓடும், பெட்ரோல் வீண்" என்று கையசைத்து அனுப்பிவைத்தாள்.

அதன் விலை ஆபீஸில் தெரிந்தது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஏங்க குழாய் சார், ரயில் பிடிச்சு வர்றவன்கூட வந்து உட்கார்ந்துட்டான். உங்க வீட்டுக் குக்கர் விசில் எங்களுக்கு இங்க கேக்குது. நீங்க எப்படி லேட்டா வர்றீங்க?"

"நடந்து வர்றேன் சார்."

"நடந்தா? நான் தவழ்ந்து வர்றீங்கன்னு நினைச்சேன்."

இதற்கே பயந்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த வார வெள்ளிக்கிழமை முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. வெற்றி தலைக்கு ஏறியது. சரியான அளவு காற்றுக்கே இவ்வளவு மிச்சம் என்றால், இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன ஆகும்? ஞாயிற்றுக்கிழமை டயர்கள் கல்லாக இறுகும்வரை காற்று ஏற்றினார். டிக்கியில் இருந்ததையெல்லாம் இறக்கினார். கிழிந்த மழைக்கோட்டு, காலி எண்ணெய் டப்பா, ஜாக்கி, கடைசியாக ஸ்டெப்னி டயர். அவ்வளவு கனமான ஒன்றைச் சும்மா சுமந்துகொண்டு திரிந்தோமே என்று வருத்தப்பட்டுக்கொண்டே அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டார்.

திங்கட்கிழமை கார் ஓடவில்லை, குதித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் இருவரும் சீட்டைவிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். பாதி வழியில் ஒரு கூரான கல்லைச் சந்தித்ததும் முன் டயர் பட்டாசு மாதிரி வெடித்தது.

டிக்கியைத் திறந்தார்கள். பால் காய்ச்சாத புது வீடுபோல அது சுத்தமாக இருந்தது.

"ஸ்டெப்னி எங்கங்க?"

"பாரம்னு இறக்கி வெச்சேன்."

"எங்க?"

"கட்டிலுக்குக் கீழ."

"அதான் ராத்திரியெல்லாம் ரப்பர் நாத்தமா? நான் மாமா வேற ஏதோ தைலம் மாத்திட்டாருன்னு நினைச்சேன்!"

சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. அவருக்கும் தொற்றிக்கொண்டது. டாக்டருக்குப் போன் செய்துவிட்டு, பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. அவள் பச்சைக் குடையை விரித்தாள். கிழிந்த இடத்தில் மஞ்சள் துணியை ஒட்டுப் போட்டிருந்தாள். வெயில் அந்த ஒட்டு வழியாக இறங்கி அவள் கன்னத்தில் மஞ்சளாக விழுந்தது. எல்லோரும் எங்கேயோ விரைந்துகொண்டிருந்த அந்தச் சாலையில் போக வேண்டிய இடமே இல்லாதவர்கள்போல இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்படியே இருந்துட்டாக்கூட நல்லாத்தான் இருக்கும்" என்றாள் அவள், சாலையைப் பார்த்துக்கொண்டே.

இப்போது சொல்லிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"என் ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ, பஸ்ஸு!" அவள் எழுந்துவிட்டாள். எதிர்ப் பக்கம் வந்த பஸ்ஸை நோக்கி இரண்டு அடி வைத்தவள், நின்று, திரும்பி, இந்தப் பக்கத்து பஸ்ஸுக்குக் கை காட்டினாள். அவசரத்தில் திசைகூடத் தெரியவில்லை பாவம் என்று அவர் நினைத்துக்கொண்டார். படியில் ஏறி நின்று, "ஆபீஸ்ல என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லை. ஸ்டெப்னியை எடுத்து வெச்சுடறேன்னு சொல்ல வந்தேன்."

அன்று அவர் ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். மேலாளர் கடிகாரத்தைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்து படத்தை விரித்தவர் தற்செயலாக வெளியே பார்த்தார். தெருமுனையில் ஒரு பச்சைக் குடை போனது. அதில் மஞ்சளாக ஏதோ ஒட்டுப்போல. எழுந்து எட்டிப் பார்ப்பதற்குள் குடை திரும்பிவிட்டது.

தன்னையே கடிந்துகொண்டார். அவள் ஊரின் அந்தக் கோடியில் லென்ஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். காலையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் போதாமல், போகிற வருகிற குடையெல்லாம் அவளாகத் தெரிகிறதென்றால் இந்த வயதில் இது என்ன கிறுக்கு? பேனாவை எடுத்து ஒரு வால்வைத் தப்பான தெருவில் வரைந்தார். காகிதத்தில் ஒரு பேட்டைக்கே தண்ணீர் நின்றது.

டயர் தந்த நஷ்டத்தைச் சிக்னலில் ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்ததுதான் அடுத்த தவறு. நீளமான சிக்னலில் இன்ஜினை அணைக்கச் சொன்னார் டாக்டர். குழாய்க்காரர் எல்லா சிக்னலிலும் அணைத்தார். குறுக்கே ஒரு பூனை போனாலும் அணைத்தார். ஏற்கனவே பாதி உயிரோடு இருந்த பேட்டரி எத்தனை தடவைதான் எழுந்திருக்கும்? ஊரின் நட்டநடுச் சிக்னலில், பச்சை விளக்கு விழுந்த நேரத்தில், ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது.

பின்னால் ஹாரன் மழை. அவர் இறங்கித் தள்ளினார். மனைவி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். அப்போது பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடடா, நம்ம கீழ் வீட்டு சார்!"

மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் இறங்கி வந்து தோள் கொடுத்தார். கார் உயிர் பெற்றது. அதற்குள் வாத்தியாரின் பஸ் போய்விட்டது. தள்ளிவிட்டவரை நடுரோட்டில் நிறுத்திவிட்டுப் போக முடியுமா? முழங்கால் மடக்க முடியாது என்று அவர் முன் சீட்டில் ஏறினார். மனைவி பின் சீட்டுக்குப் போனாள். வாத்தியார் குனிந்து நெம்புகோலைத் தூக்கி, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினார்.

"நீங்க தினம் இந்தப் பக்கம்தானா சார்? என் ஸ்கூலே உங்க ஆபீஸுக்கு நேர் எதிர்ல இருக்கு. இது தெரியாம இத்தனை நாள் பஸ்ல நசுங்கறேனே! மூணு பேராப் போனா வாரத்துக்குக் கூடுதலா வேற ஊத்தறாங்க, தெரியுமோ?"

குழாய்க்காரர் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். மறுப்பதற்கு இருவரிடமும் வெளியே சொல்லக்கூடிய ஒரு காரணம் இல்லை.

அதன் பிறகு பெட்ரோலுக்குக் குறையே இல்லை. வெள்ளிக்கிழமைகூட முள் பாதிக்கு மேலே நிமிர்ந்து நின்றது. காரில் பேச்சும் நிறைய இருந்தது. எல்லாம் வாத்தியாருடையது.

"இப்போ ஒரு பிரேக் போட்டீங்களே, அதுல அரை டம்ளர் போச்சு. கியரைச் சீக்கிரம் மாத்துங்க, இன்ஜின் கத்துது பாருங்க. நான் சொல்றது சரிதானேம்மா?"

"சரிதாங்க" என்பாள் பின் சீட்டிலிருந்து. அவ்வளவுதான் அவள் குரல். ஹேர்பின் தலையிலேயே இருந்தது. செருப்பு காலிலேயே இருந்தது.

குழாய்க்காரர் நடுக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, சாலைக்குப் பதில் அவள் தெரிகிற மாதிரி வைத்தார். பாதி முகம்தான் கிடைத்தது.

"பின்னாடி லாரி வருதே, தெரியுதா?" என்றார் வாத்தியார்.

"நல்லாத் தெரியுது" என்றார், தெரிகிற ஒன்றையே பார்த்துக்கொண்டு.

அவளை இறக்கிவிட்ட பிறகு இன்னொரு சோதனை காத்திருந்தது. வாத்தியாரைப் பள்ளிக்கூட வாசலில் விட்டால் அவர் உள்ளே போவதில்லை. "நீங்க முதல்ல போங்க சார், உங்களுக்கும் நேரமாச்சு" என்று மரியாதையாக நின்றுகொண்டார். எதிரே பழைய கட்டடம். மாடியில் குடிநீர் வாரியத்தின் பலகையை இன்னும் யாரும் கழற்றவில்லை. கீழே மெத்தைக் கடை வந்திருந்தது. வேறு வழியில்லாமல் குழாய்க்காரர் காரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தார்.

"வாங்க சார்!" என்றார் கடைக்காரர், காலையில் முதல் ஆளைக் கண்ட சந்தோஷத்தில். "ஸ்பிரிங்கா, ரப்பரா?"

"சும்மா பார்க்கலாம்னு..."

"மெத்தையைப் பார்க்கக் கூடாது சார், படுக்கணும். செருப்பைக் கழட்டுங்க."

பள்ளிக்கூட மணி அடித்து வாத்தியார் மறையும்வரை படுத்திருந்தார். மறுநாளும் படுத்தார். கடைக்காரர் சலிக்கவில்லை. "நேத்து கழுத்துக்கு ஒத்து வரலைன்னீங்களே, இன்னைக்கு இதைப் பாருங்க. தனியாவா சார், ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்கு" என்றார். பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் விட்டு நகர்ந்து படுத்தார்.

அந்த வார இறுதியில், சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே மனைவி சொன்னாள்:

"திங்கட்கிழமையிலேர்ந்து நான் பஸ்லயே போயிக்கறேங்க."

இரண்டு வருடமாக எந்த வாக்கியத்துக்குப் பயந்தாரோ அது வந்துவிட்டது. உலகத்தில் எத்தனையோ பதில்கள் இருந்தன. அவர் வாயில் வந்தது இது:

"மூணு பேர் இல்லைன்னா கூடுதல் பெட்ரோல் கிடைக்காதே?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். லென்ஸைப் பார்க்கிற பார்வை.

"பெட்ரோலா?" என்றாள். "ம்... பெட்ரோல் முக்கியம்தான்."

திங்கட்கிழமை அவர் கிளம்பும்போது அவள் மாமனாருக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் தலைகூட வாரவில்லை. ஊரின் அந்தக் கோடிக்குப் பஸ்ஸில் போகிறவள் இவ்வளவு நிதானமாக இருக்கிறாளே, பஸ்ஸெல்லாம் அவ்வளவு வேகமாகிவிட்டதா, இல்லை என்னோடு வந்ததுதான் அவளுக்கு அவசரமாக இருந்ததா என்று நினைத்து நொந்துகொண்டே காரை எடுத்தார். வாத்தியார் முன் சீட்டில் ஏறி, "ரெண்டு பேருன்னா பாரம் கம்மி, நல்லதுதான்" என்றார்.

இப்படியாக, மூன்று தெரு நடந்தால் ஆபீஸ் போய்விடக்கூடிய மனிதர், மனைவியும் இல்லாமல், ஒரு கணக்கு வாத்தியாரைத் தினமும் ஊரின் மறுகோடியில் கொண்டுபோய் விட்டு, ஒரு மெத்தையில் படுத்து எழுந்து திரும்பி வந்தார். ஓட்டுவதில் இப்போது குறையே சொல்ல முடியாது. கால் தானாக மென்மையானது. தூரத்துச் சிவப்பு தெரியும்போதே கார் தணிந்து, உருண்டு, பச்சை விழுகிற கணத்தில் நிற்காமலே கடந்துவிடும். டாக்டர் ஸ்க்ரூடிரைவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "சார், இந்த வண்டி இவ்வளவு கம்மியாக் குடிச்சு நான் பார்த்ததே இல்லை" என்று கையைக் குலுக்கினார். குழாய்க்காரர் தலையாட்டினார். பேச்சு இல்லாத காரில் சாலையைப் பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை?

ஒரு நாள் வாத்தியாரை விட்ட பிறகு, சீட்டை இழுத்து அவள் உட்காரும் அளவுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். தட்டில் அவளுடைய பழைய ஹேர்பின் ஒன்று கிடந்தது. பாரம் என்று ஸ்டெப்னிவரை இறக்கியவர் அதை மட்டும் இறக்கவில்லை. விரலால் தொட்டுவிட்டு, மெத்தைக் கடைக்குள் போய்ப் படுத்தார். இராத்திரியெல்லாம் சரியான தூக்கம் இல்லை. ரப்பர் மெத்தை அவரை உள்வாங்கிக்கொண்டது.

"சார்... சார்!"

கண்ணைத் திறந்தபோது கணக்கு வாத்தியார் கண்களைச் சுருக்கிக்கொண்டு மேலே குனிந்திருந்தார்.

"என் கண்ணாடியை உங்க கார்லயே விட்டுட்டேன். கேக்கலாம்னு மாடிக்குப் போனா பூட்டிக் கிடக்கு, பூட்டுல துரு. கீழ வந்தா நீங்க குறட்டை விடறீங்க. உங்க ஆபீஸ் எங்க சார்?"

"இவரு தினம் வர்றவருதான்" என்றார் கடைக்காரர் பெருமையாக. "இன்னும் முடிவு பண்ணலை."

குழாய்க்காரர் எழுந்து உட்கார்ந்தார். மெத்தைமேல் உட்கார்ந்து பொய் சொல்வது கடினம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தண்ணீர்த் தொட்டி, தார்ப்பாய், பின் சந்து எல்லாம். வாத்தியார் மனதுக்குள் என்னவோ கூட்டிப் பெருக்கினார். விடை வந்ததும் முகம் வெளுத்தது.

"ரெண்டு வருஷமா? போறதும் வீண், வர்றதும் வீணா? வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சார், நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள். சாயங்காலம் மாடிப்படியில அவங்களைப் பார்த்தா என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். நீங்களே முதல்ல போய்ச் சொல்லிடுங்க."

குழாய்க்காரர் காரை எடுத்தார். டேங்கில் பெட்ரோல் நிறைய இருந்தது. இத்தனை நாளில் முதல் முறையாக, டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்து ஆக்சிலேட்டரை அழுத்தினார். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தார். 'உனக்காகத்தான்' என்றால் நாடகம்போல இருந்தது. 'மன்னிச்சுடு' என்றால் அவள் பயந்துவிடுவாள். கடைசியில், 'வா, கடலோ மலையோ எங்கேயாவது போவோம், டேங்க் நிறைய இருக்கு, பேசிக்கிட்டே போகலாம்' என்று சொல்வதாக முடிவு செய்தார். மறுபடி பின் சீட்டுக்கே போனாலும் பரவாயில்லை. இந்தக் காருக்குள் வந்து உட்கார்ந்தால் போதும்.

தொழிற்பேட்டையின் முன் கேட்டில் பிரேக் கிறீச்சிட்டது. எந்தக் கம்பெனிக்கு வருகிறவர்களும் அந்தக் கேட் வழியாகத்தான் வர வேண்டும், காவலாளியும் ஒரே ஆள்தான். அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார்.

"அண்ணே, லென்ஸ் கம்பெனியில வேலை செய்யற அம்மா ஒருத்தங்க. வீட்டுக்காரர் வந்திருக்கேன்னு கொஞ்சம் சொல்லணும். அவசரம்."

காவலாளி காரையும் அவரையும் பார்த்துச் சிரித்தார்.

"உங்களைத் தெரியாதா சார்? பச்சைக் குடைம்மாவோட வீட்டுக்காரர். என்ன, கொஞ்ச நாளா ரெண்டு பேரையும் காணோம்? நானே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

பின் கேட்டையும் இந்த ஆள்தானே பார்த்துக்கொள்கிறார் என்பது குழாய்க்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. சந்து வழியாகத் திரும்பிப் போனதையெல்லாம் பார்த்திருக்கிறார். போயிற்று. அவளிடம் ஏற்கனவே சொல்லியும் இருப்பார். இன்ஜினை அணைத்தார்.

"கேளுங்க" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

காவலாளி ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தார்.

"அந்த லென்ஸ் கம்பெனி இங்கேர்ந்து காலி பண்ணி உங்க ஏரியாத் தண்ணித் தொட்டிக்குப் பின் தெருவுக்கே போயி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, நீங்க அவங்களை இங்க இறக்கிவிட்டுட்டுப் பின் சந்து வழியா வீட்டுப் பக்கம் திரும்பறீங்க, அவங்க உங்க கார் மறையற வரைக்கும் என்கூட நின்னுட்டு எதிர்ப் பக்கம் பஸ் பிடிச்சு அதே வீட்டுப் பக்கம் போறாங்க, பெட்ரோலே கிடைக்காத காலத்துல, அப்படியே அவங்களையும் ஏத்திக்கிட்டுத் திரும்பினா என்ன சார்?"